மூன்று மா நிலமும் நாற்பது ஏர்ஸும்

என் அப்பாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனாலும் கிலோவும் கிராமும் ஓர் அறுவடைக்கும் அடுத்த அறுவடைக்கும் இடையில் அவருக்குப் பழகிவிட்டன. என் பேரன் பொறியியல் படித்தவன். பாலர் வகுப்பிலிருந்தே மீட்டரிலும் லிட்டரிலும் கணக்குப் போட்டு வளர்ந்த பிள்ளை. அவனிடம் உயரம் கேட்டால் "அஞ்சு பத்து, பாட்டி" என்கிறான். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் எத்தனை சதுர அடி என்று கேட்கிறான். காய்ச்சல் வந்தால் நூற்றிரண்டு என்கிறான். வண்டிச் சக்கரத்துக்கு முப்பது பவுண்ட் காற்று அடிக்கச் சொல்கிறான். அளவு முறை மாறி அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்த மாற்றத்தைப் பாடுபட்டுக் கற்றுக்கொண்டவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மெட்ரிக்கிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அடியும் அங்குலமுமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இது எப்படி நேர்ந்தது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். யோசிக்க எனக்குக் காரணமும் உண்டு. இந்த இரட்டைப் பேச்சில் எங்கள் குடும்பம் நிலம் இழந்தது.

முதலில் மாறியது காசு. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி என்று தலைகீழாக ஒப்பித்துக்கொண்டிருந்தோம். ஒரே நாளில் ரூபாய்க்கு நூறு பைசா என்றார்கள். ஓர் அணாவுக்குச் சரியாகப் பார்த்தால் ஆறேகால் பைசா வரவேண்டும். கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. அதனால் ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று ஒரு பட்டியல் கடைகளில் தொங்கியது. விட்டுப்போன ஒரு பைசா கடைக்காரருக்கா வாங்க வந்தவருக்கா என்று எங்கள் தெருக் கடையில் நடந்த வாக்குவாதங்கள் இன்னும் காதில் இருக்கின்றன. அந்த ஒரு பைசாவுக்கு அன்று மதிப்பு இருந்தது. 'நயா' என்ற அடைமொழி 1964-ல் கழன்றது. நாலணாவும் எட்டணாவும் பேச்சை விட்டுப் போகவில்லை. 2011-ல் இருபத்தைந்து பைசா நாணயமே செல்லாமல் போகும்வரை அது எங்களுக்கு நாலணாதான்.

காசுக்குப் பின்னால் கல் மாறியது. 1956 டிசம்பரில் நாடாளுமன்றம் எடைகள், அளவைகளுக்கான சட்டத்தை நிறைவேற்றியது. 1958 அக்டோபரில் சில இடங்களில் புதிய எடைகள் வந்தன. 1962 ஏப்ரலிலிருந்து எடைக்கு மெட்ரிக் மட்டுமே செல்லும் என்றானது. அதுவரை எங்களுக்குப் பலம், சேர், வீசை, மணங்கு. நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. வீசை என்பது ஏறக்குறைய ஒரு கிலோ நானூறு கிராம். கிலோ வீசையைவிடச் சிறியது என்பதுதான் எல்லாத் தொல்லைக்கும் வேர். வீசை விலைக்கே ஒரு கிலோவைக் கட்டிக் கொடுத்தால் ஏழில் இரண்டு பங்கு பறிபோகும். கத்திரிக்காய்க் கூடை முன்னால் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு இது புரிய வெகு நேரம் ஆகவில்லை.

அப்பாயி அதைக் கையாண்ட விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மளிகைக் கடையில் பழைய உருண்டைக் கற்களை எடுத்துவிட்டு அறுகோண இரும்புக் கற்களை அடுக்கியிருந்தார்கள். அப்பாயி அரை வீசை புளி கேட்டார். கடைக்காரர் அரைக் கிலோ கல்லைத் தட்டில் வைத்தார். அப்பாயி கையை நீட்டித் தடுத்தார்.

"ஏந் தம்பி, அரை வீசைன்னா எழுநூறு கிராமில்ல? மேல எரநூறு கல்லு ஒண்ணு வையி."

"அந்தப் பேச்செல்லாம் போயிடுச்சு ஆத்தா. இனிமே கிலோதான்."

"கிலோவுலயே போடு. வெலையும் கிலோவுக்குச் சொல்லு. வீசைக்கு என்ன வெலயோ அதுல ஏழுல அஞ்சு பங்கு."

கடைக்காரர் பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. பலத்துக்கு முப்பத்தைந்து கிராம், கால் வீசைக்கு முந்நூற்றைம்பது, மூன்று வீசை மிளகாய்க்கு நாலு கிலோ இருநூறு. எழுதத் தெரியாத அந்த மனுஷி முப்பத்தைந்தாம் வாய்ப்பாட்டை வாய்க்குள்ளேயே போட்டுவைத்துக்கொண்டு கடைவீதியில் யாரிடமும் ஏமாறாமல் நடந்தார். அரசாங்கம் வெளியிட்ட எந்த மாற்றுப் பட்டியலையும் அவர் பார்த்ததில்லை. தன் காசு போகும் இடத்தில் மனிதர்கள் எதையும் கற்றுக்கொள்வார்கள் என்பதற்கு அவரைவிடச் சான்று எனக்கு வேண்டியதில்லை.

பழைய அளவுகளைப் பற்றி இன்று உருகிப் பேசுகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களோடு என்னால் சேர முடியாது. படி என்றால் ஊருக்கு ஒரு படி. பட்டணம் படி பெரியது, சின்னப் படி என்று இன்னொன்று. ஒரே படியிலும் தலை தட்டி அளந்தால் ஒரு கணக்கு, கும்பாச்சியாக அளந்தால் வேறு கணக்கு. நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்குவார்கள். கேட்க இனிமையாக இருக்கும். அந்த லாபம் யாருக்கு என்பது மரக்காலைப் பொறுத்தது. கூலி அளக்கச் சின்ன மரக்காலும் குத்தகை வாங்கப் பெரிய மரக்காலும் வைத்திருந்த பண்ணைகள் தஞ்சைப் பக்கம் இருந்தன. முத்திரை போட்ட மரக்காலில் கூலி அளக்கவேண்டும் என்பது அங்கே விவசாயத் தொழிலாளர்கள் போராடிக் கேட்ட கோரிக்கைகளில் ஒன்று. நாள் முழுக்கச் சேற்றில் நின்றவர்கள் மடியில் ஏந்திப் போகும் நெல்லிலும் அளவு குறைந்தது. நாடெங்கும் ஒரே கிலோ என்று ஆனபோது யாருக்கு விடிந்தது என்பதை அந்த மடிகளிடம்தான் கேட்டிருக்க வேண்டும். மெட்ரிக் முறை எளியவர்களுக்குச் செய்த நன்மையை நான் மனதார வணங்குகிறேன்.

மீட்டர் என்ற சொல்லோ எங்களுக்குப் புதிதே அல்ல. எங்கள் ஊர் வழியாகப் போன தண்டவாளம் மீட்டர் கேஜ். வெள்ளைக்காரர் ஆட்சியிலேயே, 1870-களில், இந்தியாவை மெட்ரிக்குக்கு மாற்றும் யோசனை இருந்தது. சேரை ஒரு கிலோவுக்குச் சமமாக்கும் சட்டம் 1871-ல் நிறைவேறி, நடைமுறைக்கு வராமலேயே கிடந்தது. அந்த யோசனையின் அடையாளமாக மீட்டர் அகலத் தண்டவாளம் மட்டும் நாடு முழுக்க ஓடியது. துணிக்கடையில் கஜக்கோல் இருந்த காலத்தில் ரயில் மீட்டரில் ஓடிக்கொண்டிருந்தது.

சட்டம் வந்த பின்னும் வாய் உடனே மாறவில்லை. 1967 தேர்தலில் திமுக தந்த பெரிய வாக்குறுதி ரூபாய்க்கு மூன்று படி அரிசி. எடைக்குக் கிலோ மட்டுமே என்றாகி கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் மேடையில் படிதான் ஒலித்தது. அண்ணா முதலமைச்சரானதும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி திட்டம் தொடங்கியது. மக்கள் எந்த அளவில் உலை வைக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இலங்கையில் 450 கிராம் பாண் ரொட்டியை இன்றும் ஒரு இறாத்தல் என்றே கேட்டு வாங்குகிறார்கள். எங்கள் பக்கம் வீசையும் படியும் மெல்ல மெல்லத்தான் ஓய்ந்தன. 1980-களில் கடைத்தெருவில் அவற்றைக் கேட்பது அரிதாகிவிட்டது. கல் கணக்கில் தூரம் சொன்னவர்களும் பேருந்துச் சீட்டையும் சாலையோரக் கற்களையும் பார்த்துப் பார்த்துக் கிலோமீட்டருக்கு வந்துவிட்டார்கள்.

கடையில் இவ்வளவு முழுமையாக மாறியது ஏன் மற்ற இடங்களில் மாறவில்லை? கடையில் முத்திரை ஆய்வாளர் இருந்தார். எடைக்கல்லின் அடியில் ஈயம் ஊற்றிய குழி ஒன்று இருக்கும். குறித்த காலத்துக்கு ஒருமுறை கல்லைச் சோதித்து அந்த ஈயத்தில் முத்திரை குத்துவார்கள். முத்திரை இல்லாத கல் பிடிபட்டால் அபராதம். பழைய கல் கடையிலிருந்தே காணாமல் போனதால் பழைய பேச்சும் போனது. மனிதர்களின் உயரத்தை யாரும் முத்திரை குத்திச் சோதிப்பதில்லை. நிலம் வாங்கவும் விற்கவும் பேசும் திண்ணைக்கு ஆய்வாளர் வருவதில்லை. கொத்தனார் கையில் இருக்கும் டேப்பில் ஓர் ஓரம் அடி, மறு ஓரம் சென்டிமீட்டர். எந்த ஓரத்தைப் பார்ப்பது என்பது அவர் விருப்பம்.

1990-களில் சென்னைப் புறநகரில் நாங்கள் வீடு கட்டினோம். வரைபடம் முழுவதும் மில்லிமீட்டர். சுவர் 230, அறை 3050-க்கு 3660. மேஸ்திரி அதை விரித்து ஒரு நிமிடம் பார்த்தார். "பத்துக்குப் பன்னெண்டு ரூமு, ஒம்போது இஞ்சி செவரு. அவ்வளவுதானேம்மா?" என்று மடித்து வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தத் தாள் வெளியே வரவே இல்லை. கதவு நிலை ஏழுக்கு மூணரை. ஜல்லி முக்கால் இஞ்சி. மணல் யூனிட் கணக்கு, ஒரு யூனிட் நூறு கன அடி. சிமென்ட் மூட்டை ஐம்பது கிலோ. கம்பி எட்டு எம்.எம்., பத்து எம்.எம். தண்ணீர்க் குழாய் அரை இஞ்சி. கீழே ஆழ்துளைக் கிணறு இருநூறு அடி. நிலை சரியாக உட்காரவில்லை என்றால் "ரெண்டு நூல் எறக்கு" என்பார். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. சித்தாள் பெண்ணுக்கும் அது தெரிந்திருந்தது. அத்தனை அளவுகளையும் ஒரே தளத்தில் கலந்து கட்டிய அந்த வீடு இன்றும் கோணாமல் நிற்கிறது. இரண்டு முறைகளையும் தன் விரல்நுனியில் வைத்திருந்த அந்த மேஸ்திரியின் அறிவை நான் பெரிதாக மதிக்கிறேன். அவருக்கு அளவுகள் இரண்டும் வேலைக் கருவி. எங்கே எதை எடுப்பது என்று அவருக்குத் தெரியும்.

மற்றவர்களுக்குத் தெரிகிறதா என்பதுதான் என் கவலை. நகைக்கடை ரசீதில் எடை கிராமில் மூன்று தசம இலக்கத்தோடு இருக்கிறது. வீட்டில் பேச்சு பவுன் கணக்கில். பிரிட்டிஷ் சவரன் நாணயத்தின் எடை 7.98 கிராம். நாம் அதை எட்டு கிராமாக முழுமைப்படுத்திக்கொண்டு சவரன் விலை என்று தினமும் வாசிக்கிறோம். இதில் ஆபத்து இல்லை, எட்டால் பெருக்க எல்லோருக்கும் தெரியும். வானிலை ஆய்வு மையம் வெப்பத்தைச் செல்சியஸில் தருகிறது. மறுநாள் நாளிதழில் எத்தனை ஊர்களில் வெயில் நூறைத் தாண்டியது என்று ஃபாரன்ஹீட்டில் தலைப்பு வருகிறது. 37.8 என்று போட்டால் நமக்குச் சுடுவதில்லை. காய்ச்சலும் 98.4-ஐ வைத்துத்தான். தொலைக்காட்சிப் பெட்டியின் அட்டையில் 108 செ.மீ. என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும் வாங்கி வருகிறவர் நாற்பத்து மூன்று இஞ்சு என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்வார். இவையெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். யார் குடியும் கெடவில்லை.

ஆற்று நீரில் கன அடியை மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன். நான் காவிரி டெல்டாவில் பிறந்தவள். ஜூன் மாதம் பிறந்தால் மேட்டூர் அணையில் எத்தனை அடி என்று கேட்டபடிதான் எங்கள் வீட்டில் காபி குடிப்பார்கள். முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இந்த இரண்டு எண்களும் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு பகலும் ஓர் இரவும் ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும். அப்பாவுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. அணையில் பதினோராயிரத்துச் சொச்சம் திறந்தார்கள் என்று வானொலியில் கேட்டதும், இன்றைக்கு ஒரு டி.எம்.சி. இறங்கும் என்பார். சென்னையும் மைசூரும் 1924-ல் செய்துகொண்ட காவிரி ஒப்பந்தம் மேட்டூருக்கு 93,500 மில்லியன் கன அடி என்று எழுதியது. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் தந்த இறுதித் தீர்ப்பு டி.எம்.சி.யில். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் கர்நாடகம் நமக்குத் திறந்துவிட வேண்டிய தண்ணீரை 177.25 டி.எம்.சி. என்று நிர்ணயித்ததும் அதே அளவில். நூறு ஆண்டு வழக்கின் ஏடுகள் அத்தனையும் ஒரே அளவில் இருக்கின்றன. உழவர் பேசுவதும் நீதிமன்றம் எழுதுவதும் ஒரே மொழி. உரிமையைக் காப்பாற்ற அதுதான் வேண்டும். மெட்ரிக்கா கன அடியா என்பது இரண்டாவது கேள்வி.

நிலத்தில் அந்த ஒற்றுமை முறிந்தது.

எங்கள் பக்கம் நிலத்தை மா என்றும் வேலி என்றும் சொல்வார்கள். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு மா என்பது முப்பத்து மூன்று சென்ட், மூன்று மா கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். தாத்தா கிரயம் வாங்கிய பத்திரத்தில் மூன்று மா என்றும், அதற்குச் சரியாக 99 சென்ட் என்றும் இரண்டு விதமாகவும் எழுதியிருந்தது. அன்றைய பத்திர எழுத்தர்கள் இந்த விஷயத்தில் மிகவும் கவனமானவர்கள். வாங்குகிறவருக்குப் புரிகிற அளவும் சர்க்கார் அளவும் ஒரே வரியில் அடுத்தடுத்து இருக்கும். படிக்கத் தெரிந்த யாரும் ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம்.

பிறகு, 1979 முதல் 1987 வரை, தமிழ்நாட்டில் நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம் நடந்தது. யு.டி.ஆர். என்று இன்றும் கிராமங்களில் சொல்வது அதைத்தான். அதன் பிறகு கைக்கு வந்த பட்டாவில் சென்ட் இல்லை. பரப்பு என்ற தலைப்பின் கீழ் ஹெக்டேர் என்று ஒரு கட்டம், ஏர்ஸ் என்று ஒரு கட்டம். அடுத்த கட்டத்தில் தீர்வை ரூபாயும் பைசாவும். ஒரு ஹெக்டேர் நூறு ஏர்ஸ். நம் கணக்கில் இரண்டு ஏக்கர் நாற்பத்தேழு சென்ட். ஆக ஓர் ஏர்ஸ் 2.47 சென்ட். எங்கள் 99 சென்டுக்குப் புதிய பட்டாவில் ஹெக்டேர் 0, ஏர்ஸ் 40.0 என்று வந்திருக்க வேண்டும். வந்தது 0, 37.0.

அப்பா அதை வாங்கிப் பார்த்தார். ஹெக்டேர் கட்டத்தில் பூஜ்யம் இருந்ததைக் கண்டு முதலில் பதறினாராம். ஊரில் எல்லோருக்கும் பூஜ்யம்தான் என்று சொன்ன பிறகு சமாதானமானார். பெயர் சரியாக இருந்தது. சர்வே எண் சரியாக இருந்தது. கந்தாய ரசீதுகளோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார். மேட்டூர் திறப்பை மனக்கணக்கில் டி.எம்.சி.யாக்கிய மனிதர் அவர். ஏர்ஸ் என்றால் எவ்வளவு என்று அவருக்குச் சொல்ல அந்தக் கிராமத்தில் ஒருவரும் இல்லை. வரப்பு இருந்த இடத்தில் இருந்தது. நெல் மூட்டை குறையவில்லை. சந்தேகப்பட எதுவும் இல்லை.

அவர் காலமான பிறகு பாகம் பிரிக்கச் சர்வேயரை வரவழைத்தோம். அவர் புலப்படத்தை வைத்து மீட்டரில் அளந்தார். வடக்கு வரப்பிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வயலுக்குள்ளேயே கல் காட்டினார். அந்த மூன்று ஏர்ஸ் பக்கத்து உட்பிரிவில் சேர்ந்திருந்தது. பக்கத்து வயல்காரர் அதற்குள் தன் நிலத்தைப் பட்டாவில் உள்ளபடியே வேறொருவருக்கு விற்றுவிட்டிருந்தார். வாங்கியவர் காசு கொடுத்து நியாயமாக வாங்கியவர். இதில் திருடர் என்று யாரையும் என்னால் கைகாட்ட முடியவில்லை.

வரப்பில் நின்றுகொண்டு தம்பி சொன்னது இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

"பட்டாவுல முப்பத்தேழுன்னு இருந்தது எனக்குத் தெரியும்க்கா. எதிர் வீட்டு அண்ணனோட மூணு மாவுக்கு நாப்பதுன்னு போட்டிருந்தான். மூணுதானே கொறயுது, அளக்கறதுல முன்னப்பின்ன இருக்கும்னு அப்பாவும் நானும் விட்டுட்டோம்."

"மூணு என்னடா? சென்டுன்னா நெனச்சீங்க?"

"ஆமா. பின்ன?"

"மூணு ஏர்ஸ்டா. ஏழரை சென்ட் வருது."

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மூன்று ஏர்ஸ் என்றால் 3,229 சதுர அடி. சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டுக்கு 2,400 சதுர அடி. ஒரு கிரவுண்டைவிடப் பெரிய துண்டு நிலம், தாளில் மூன்று என்ற ஓர் எண்ணாக எல்லோர் கண் முன்னாலும் இருந்தது. தெரிந்த அளவின் பெயரை அந்த எண்ணின் மேல் தாங்களாகவே ஒட்டிக்கொண்டு கடந்து போயிருந்தார்கள். பிறகு மனுப் போட்டோம். பழைய பத்திரம், பழைய அடங்கல், கந்தாய ரசீது எல்லாம் கொண்டுபோனோம். கேட்ட தாள்களையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வழக்காடினால்தான் தீரும் என்று வந்தபோது தம்பி வேண்டாம் என்றுவிட்டான். வாங்கியவரும் ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு உழுது பிழைக்கிறவர். அவரை நீதிமன்றத்துக்கு இழுக்க எனக்கும் மனம் வரவில்லை.

வீசை கிலோவானபோது ஏமாறாத குடும்பம், ஏக்கர் ஹெக்டேரானபோது ஏன் ஏமாந்தது? புளி தினமும் வாங்குகிற பண்டம். தப்புக் கணக்கு அன்றைக்கே கையைக் கடித்தது, அப்பாயி அன்றைக்கே கற்றுக்கொண்டார். நிலத்தின் அளவு ஒரு தலைமுறைக்கு ஒரு முறை, பாகம் பிரிக்கும்போதோ விற்கும்போதோதான் கைக்கு வருகிறது. இடையில் முப்பது ஆண்டுகள் அந்தத் தாள் பெட்டிக்குள் கிடக்கிறது. கடைக்குப் போகும் கிலோவுக்கு அரசு அனுப்பிய முத்திரை ஆய்வாளரைப் போல, வீட்டுக்கு வரும் ஏர்ஸைச் சொல்லிக்கொடுக்க யாரையும் அனுப்பவில்லை. பட்டாவின் மொழி மாறியது. திண்ணையின் மொழி அப்படியே இருந்தது. இன்றும் டெல்டாவில் மா, மற்ற இடங்களில் ஏக்கரும் சென்டும், சென்னையில் கிரவுண்டும் சதுர அடியும். ஹெக்டேரில் விலை பேசும் தரகரை நான் இதுவரை கண்டதில்லை.

இதற்காகச் சென்டை ஒழிக்க வேண்டும் என்றோ ஏர்ஸை எடுக்க வேண்டும் என்றோ நான் சொல்லவில்லை. தாத்தா காலத்துப் பத்திர எழுத்தர் செய்ததைச் செய்தால் போதும். பட்டாவில் ஏர்ஸ் கட்டத்துக்குப் பக்கத்தில் சென்ட் என்று இன்னொரு கட்டம் போடலாம். கணினியில் அச்சாகும் தாளுக்கு அது ஒரு பெருக்கல் கணக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரப்பளவு நடத்தும் ஆசிரியர்கள் தாங்கள் வேலை பார்க்கும் ஊரின் சிட்டா ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, இது எத்தனை சென்ட் என்று கேட்கலாம். அந்தப் பிள்ளைகள் சாயங்காலம் வீட்டுக்குப் போய் அப்பாவின் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.

நீங்களும் திறந்து பாருங்கள். பட்டாவைத் தேட வேண்டியதில்லை, சிட்டாவை இப்போது கணினியிலேயே பார்க்கலாம். ஏர்ஸ் கட்டத்தில் உள்ள எண்ணை 2.47-ஆல் பெருக்குங்கள், வருவது சென்ட். அதை மூலப் பத்திரத்தில் உள்ள சென்டோடு ஒத்துப் பாருங்கள். சென்டுக்கும் கீழே சிறு வித்தியாசம் என்றால் பரவாயில்லை. அதற்கு மேல் இருந்தால், பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே, பக்கத்து நிலம் கைமாறுவதற்கு முன்பே, மனுக் கொடுத்துவிடுங்கள்.